காருக்குக் குத்திய மூன்று புள்ளி

எங்கள் வீட்டுச் சீனிப் போத்தலில் சீனி எந்த மட்டத்தில் நிற்கிறது என்று கடதாசி ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டு வைத்தவன் நான். வீட்டில் இருந்ததோ நானும் மனைவியும் மட்டும்தான். "உங்களுக்கு உங்கட நிழலிலயும் சந்தேகம் அப்பா" என்பாள் அவள். சொல்லட்டும். திருகோணமலைத் துறைமுகக் களஞ்சியத்தில் அத்தனை வருடம் கிளாக்கராக இருந்தவனுக்குப் புத்தி வேறு எப்படி இருக்கும்? ஸ்பானர் போகும், கயிறு போகும், பெயின்ற் வாளி போகும். கேட்டால் எல்லாரும் கோயிலில் நிற்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்பார்கள். அதனால் களஞ்சியத்துக்குள் வருகிற இரும்பு எதுவானாலும் முதலில் அதற்குக் குறி போடுவோம். குறி இல்லாத சாமான் போனால் போனதுதான், எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும் அது உங்களுடையது என்று காட்ட ஏலாது. இந்தப் பாடத்தை நான் வீட்டுக்கும் கொண்டுவந்தேன். அதனால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். வெளிநாட்டுச் சாமான் வருவது நின்று, ஒரு பிளக் வாங்குவதற்கே ஆளைப் பிடித்து ஆளைப் பிடித்துத் திரிந்த காலம். அந்த நேரம் பார்த்து எனக்குக் கார் ஆசை வந்தது. வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போனபோது ஒரு துரை விட்டுப்போன கார் அது. கைமாறிக் கைமாறி, கடைசியில் ஒரு கடைக்காரரின் கொப்பராக் கொட்டிலுக்குள் வருடக்கணக்காகக் கிடந்தது. பின் சீற்றில் கோழி அடை கிடந்தது. தரைத் தகடு உக்கிப்போய், உள்ளே இருந்தபடி கீழே மண்ணைப் பார்க்கலாம். கொடுத்துத் தொலைத்தால் போதும் என்று கடைக்காரர் என் தலையில் கட்டிவிட்டார். ஏன் இவ்வளவு சுகமாகத் தருகிறார் என்று அதிலும் எனக்கு ஒரு சந்தேகம்.

துறைமுகத்து வேலையாட்கள் நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தள்ளிக்கொண்டு வந்து எங்கள் வளவு வேப்ப மரத்தடியில் விட்டார்கள். மனைவி வெளியே வந்து பார்த்தாள். "கோழியும் சேத்தோ தந்தவர்?" என்று கேட்டாள். அவ்வளவுதான் வரவேற்பு.

திருத்துவதற்கு ஆள் வேண்டுமே. எல்லாரும் ஒரே ஆளைத்தான் சொன்னார்கள். கிண்ணியாவிலிருந்து தோணி ஏறி வருகிற ஒரு முஸ்லிம் மெக்கானிக், அவர்கள் வழக்கில் அண்ணன் என்பதுபோல எல்லாருக்கும் அவர் நானா. யுத்த காலத்தில் இளந்தாரியாகக் கடற்படைப் பட்டறைக்குள் போய் எஞ்சின் வேலை பழகியவர். தளம் கைமாறியதோடு அந்த வேலை போயிற்று. அதற்குப் பிறகு கன்வஸ் பை ஒன்றில் திருத்துகிற ஆயுதங்களைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கார் திருத்தினார். ஐம்பது வயதிருக்கும். அதிகம் கதைக்க மாட்டார். முதல் நாள் நான் அவரை நாலு கேள்வி குடைந்து கேட்டபோது ஒரே ஒரு பதில் சொன்னார்.

"எனக்குக் கடையும் இல்ல, போர்டும் இல்ல ஐயா. ஒராள் சொல்லி மத்தாள் கூப்பிடுறதுதான். பேர்தான் என்ட கடை."

நல்லாய்த்தான் கதைக்கிறான் என்று மனதுக்குள் நினைத்தேன். அப்போது மனதுக்குள் 'அவன்'தான். வெளியே 'நானா, வாங்கோ, இருங்கோ.'

கந்தோரில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர் ஒருவர் இருந்தார். அவரிடம் பழுதான கார் ஒன்றும், பழுதாகாத வாய் ஒன்றும் இருந்தன. "ஐசே, கவனமாயிரும்" என்றார். "இந்தக் காலத்தில ஒரு காபரேற்றர் கிடைக்கிறது பொன் கிடைக்கிற மாதிரி. நல்ல சாமானைக் கழட்டி மற்றவனுக்குக் குடுத்திட்டு, உமக்கு ஓட்டைச் சாமானைப் பூட்டி விடுவாங்கள். உமக்கு எப்பிடித் தெரியும்?" அன்றைக்கே களஞ்சியத்திலிருந்து பழைய குத்தூசி ஒன்றை, இரும்பில் புள்ளி குத்துகிற ஆணியை, சொல்லிக் கேட்டு வாங்கி வந்தேன்.

நானா சனி, ஞாயிறு வருவார். எஞ்சினைத் துண்டு துண்டாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, சாக்கு விரித்து வரிசையாக வைப்பார். மதியம் பாங்கு கேட்டதும் கை கால் கழுவிக்கொண்டு, வேப்ப மரத்துக்கு அந்தப் பக்கம் பாய் விரித்துத் தொழுவார். அதுதான் என்னுடைய நேரம். கழுவி வைத்த சாமான் ஒன்றைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் பின்னால் போவேன். அம்மிக்குப் பக்கத்துக் கல்லில் வைத்து, குத்தூசியைப் பிடித்து, சுத்தியலால் மூன்று தட்டு. மூன்று புள்ளி, முக்கோணமாக. கண்ணில் படாத அடிப்பக்கம் பார்த்துத்தான் குத்துவேன். விசிறி, டைனமோ, பெற்றோல் பம்ப், எஞ்சின் மூடியை இறுக்குகிற சுரைகள் ஒன்றுகூட விடவில்லை.

மனைவி ஒருநாள் கண்டுவிட்டாள். "அந்த மனிசன் அங்க தொழுது கொண்டிருக்கு. நீங்கள் இஞ்ச என்ன வேலை பாக்கிறியள்?"

"நீ உன்ர வேலையைப் பார்."

"சீ" என்றாள். அவள் அவருக்கு மத்தியானம் சோறு கொடுப்பாள். மீன் குழம்பு என்றால் நடுமுறியை எடுத்து வைப்பாள். அவர் அவளைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். இதிலும் எனக்கு ஒரு எரிச்சல்.

கடைசியாகக் காபரேற்றர் வந்தது. பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற சாமான் அது. எல்லாக் கள்ளருக்கும் அதிலேதான் கண் என்று பக்கத்து மேசைக்காரர் சொல்லியிருந்தார். நானா அதை எஞ்சினோடு பொருந்துகிற முகத்தில் மட்டம் பார்த்தார். ஒரு கண்ணாடித் துண்டின்மேல் அரைக்கிற பசையைத் தடவி, அதன்மேல் அந்த முகத்தை வைத்துச் சுற்றிச் சுற்றி, ஒரு பின்னேரம் முழுக்கத் தேய்த்தார். முகம் வெள்ளிக்காசு போல வந்தது. "மயிர் போற இடம் இரிந்தாலும் காத்து இழுக்கும் ஐயா. நாளைக்குப் பூட்டுவம்" என்று பழஞ்சாரத் துண்டில் சுற்றி, கதிரையில் வைத்துவிட்டுப் போனார்.

அவர் படலையைத் தாண்டியதும் நான் துணியை அவிழ்த்தேன். இது மெல்லிய வார்ப்பு, குத்தூசியால் அடித்தால் வெடித்துவிடும். ஆகவே முக்கோண அரத்தை எடுத்தேன். வெளியே குறி போட்டால் கள்ளன் அதைப் பார்த்து இன்னொரு சாமானிலும் அதே குறியைப் போட்டுவிடுவான் அல்லவா? மூடுபடுகிற முகத்தில் போட்டால் கழற்றிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். அப்பாடி, என்ன புத்தி எனக்கு! அந்த வெள்ளிக்காசு முகத்தின் ஓரத்தில் மூன்று கீறு கீறினேன். நடுக் கீறு கொஞ்சம் நீண்டுவிட்டது. பரவாயில்லை என்று திரும்பச் சுற்றி வைத்தேன்.

மறுநாள் நானா துணியை அவிழ்த்தார். முகத்தைப் பார்த்தார். பெருவிரல் நகத்தால் ஒருமுறை தடவினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ரேடியேற்றரைப் பார்த்தேன். அவர் பொருத்துக்கு நடுவில் வைக்கிற காஸ்கெட் கடதாசிக்கு இரண்டு பக்கமும் ஒட்டுப் பசையை அப்பி, காபரேற்றரை வைத்து இறுக்கினார்.

அன்று பின்னேரம் எஞ்சின் உயிர் வந்தது. மனைவி கையைத் தட்டினாள். பிள்ளையார் கோயிலடியில் தேங்காய் உடைத்து, நாலு ரயருக்கும் தேசிக்காய் வைத்து நசுக்கினோம். அடுத்த கிழமை கந்தளாய்க் குளம் வரைக்கும் போனோம். போகும்போது அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு முகத்தைக் கொடுத்துச் சிரித்தபடி வந்தாள். எங்கள் கலியாணத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கொஞ்சம் ஓடிய பிறகு எஞ்சினை ஒருமுறை இறுக்கிச் சரிபார்க்க வேண்டும் என்று நானா முன்பே சொல்லியிருந்தார். அதற்காக அவர் வந்தது ஒரு வேலைநாள். நான் கந்தோரில். மனைவி பொனற்றைத் திறந்து கொடுத்துத் தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். ஒரு மணித்தியாலம் வேலை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு பத்து நாள் ஆகவில்லை, கார் மூச்சு முட்டுகிறவன் போல இழுக்கத் தொடங்கியது. நின்ற இடத்தில் எஞ்சின் தரிக்காது. 'புஸ்' என்று ஒரு சத்தம். இடைக்கிடை டப் என்று வெடிக்கும். கோட்டடிச் சந்தியில் சனத்துக்கு நடுவில் நின்றேபோயிற்று, ஒரு மாட்டு வண்டிக்காரன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனான்.

"நீ பக்கத்தில நிண்டனியோ?" என்று மனைவியைக் கேட்டேன்.

"எதுக்கு?"

"அவன் வேலை செய்யேக்க."

"நான் குசினிக்க சமைச்சுக்கொண்டு நிண்டனான். ஏன்?"

ஏன் என்று கேட்கிறாள்! அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் காபரேற்றரின் உள்சாமானை மாற்றிவிட்டான். என் குறியைக் கண்டவன் வெளி உடலை விட்டுவைத்திருப்பான், குடல்தான் வேறொருத்தனுடையது. எனக்கு அது பட்டப்பகல் போலத் தெரிந்தது. கந்தோரில் சொன்னேன். பக்கத்து மேசைக்காரர் "நான் அப்பவே சொன்னனான்" என்று தொடையில் தட்டினார். கார் வைத்திருந்த இன்னும் மூன்று நாலு பேருக்கும் சொன்னேன். அவர்கள் கேட்காமலே சொன்னேன், அதுதான் உண்மை.

ஆளனுப்பி நானாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து, சாவியைப் போட்டு, ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டார்.

"காபரேற்றரைக் கழட்டி அடிமுகத்தைப் பாருங்க ஐயா" என்றார். "பசை காஞ்சிரிக்கும். நீங்களே கழட்டிப் பாருங்க. பாத்திட்டு எனக்குச் சொல்லுங்க."

"அடிமுகத்தில என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியும்" என்றேன். "உள்ளுக்க இருந்ததுதான் எங்க போனதெண்டு தெரியேல்ல."

அவர் முகம் கறுத்துப்போயிற்று. "என்ன சொல்றீங்க ஐயா?"

"நான் வீட்டில இல்லாத நாள் பாத்து வந்தனீங்கள். பிறகுதான் இது. நான் வேற என்ன சொல்ல?"

நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு வார்த்தை கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. "வல்லாஹி, ஒங்கட சாமான் ஒரு சுரைகூட என்ட பைக்க போகல்ல" என்று அல்லாஹ்மேல் ஆணையிட்டு மட்டும் சொன்னார். பையை அவிழ்த்துச் சாக்கில் கொட்டிக் காட்டினார். பிறகு ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டுக்கொண்டு நடந்தார். மனைவி வாசலில் நின்று, "நானா, தேத்தண்ணி..." என்றாள். அவர் திரும்பவில்லை.

மூன்றாம் நாள் மனைவி சொன்னாள். "அந்த மனிசனுக்குப் பேரைத் தவிர வேற ஒண்டுமில்ல. அதையும் நீங்கள் தின்னப் பாக்கிறியள். கந்தோரில சொன்னதுகளைப் போய்த் திருப்பிச் சொல்லுங்கோ."

"கள்ளனுக்கு வக்காலத்தோ?"

"ஆர் கள்ளன் எண்டு பிறகு பாப்பம்."

மாதங்கள் போயின. வேறு ஒருவரையும் காரைத் தொட நான் விடவில்லை. கிழமைக்கு ஒருநாள் எஞ்சினைப் போட்டு, மூட்டுகளுக்கு எண்ணெய் விடுவேன். எண்ணெய் விடச் சொன்னதும் அந்த நானாதான். அந்த ஞாயிற்றுக்கிழமையும் எஞ்சின் இழுத்துக்கொண்டு, புஸ் என்று சத்தம் போட்டுக்கொண்டு நின்றது. எண்ணெய்ப் போத்தல் கை தவறிக் காபரேற்றரின் அடியில் சிந்தியது. உடனே எஞ்சின் சீராகியது. புஸ் சத்தம் நின்றது. நான் குனிந்து பார்க்கும்போதே எண்ணெய் அந்தப் பொருத்துக்குள் இழுபட்டு மறைந்தது, பின்னால் புகை வந்தது, எஞ்சின் திரும்பவும் இழுக்கத் தொடங்கியது. இன்னும் நாலு துளி விட்டேன். திரும்பவும் சீர். திரும்பவும் இழுவை.

எஞ்சினை நிறுத்திவிட்டுக் காபரேற்றரைக் கழற்றினேன். காஸ்கெட் பசை காய்ந்து பொருக்காக உதிர்ந்தது. அடியில் என்னுடைய மூன்று கீறு. நடுக் கீறு ஓரத்திலிருந்து துவாரம் வரைக்கும், முழுதாக, கறுத்த கோடாக ஓடியது. அதற்குள்ளால்தான் காற்று இழுத்தது. கீறினவன் நான். அரம் என்னுடையது.

பொனற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அப்போதுதான் அடுத்ததையும் கண்டேன். விசிறியின் மூன்று புள்ளி மேலே பார்த்தபடி இருந்தது. பின்பக்கத்தில் அல்லவா குத்தினேன்? டைனமோவைப் பிடிக்கிற தகட்டின் அடியில் குத்தியிருந்தேன், தகடு புரட்டிப் பூட்டப்பட்டிருந்தது. எஞ்சின் மூடியின் சுரைகள், பம்பின் கம்பி என்று திருப்பக்கூடிய சாமான் எல்லாம் திருப்பியிருந்தது. எல்லாப் புள்ளியும் பொனற்றைத் திறந்தவனின் கண்ணுக்கு நேரே. நான் சந்தேகத்தில் நின்ற அந்த மாதங்களில் ஒருநாளாவது சும்மா பார்த்திருந்தால் கண்டிருப்பேன். நான் பார்க்கவில்லை, குற்றம் தேடிக்கொண்டுதான் நின்றேன்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கீறலைப் பார்த்தாள், புள்ளிகளைப் பார்த்தாள். ஏசுவாள் என்று நின்றேன். "வெளிக்கிடுங்கோ" என்றாள்.

கிண்ணியாத் துறையில் தோணியால் இறங்கி விசாரித்தேன். நானா ஒரு தென்னை மரத்தடியில் தண்ணீர் இறைக்கிற மெசின் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு எழும்பினார். ஒரு கதிரை எடுத்து வந்து போட்டார். நான் இருக்கவில்லை.

"நானா, பிழை என்னில" என்றேன். "கீறினது நான்தான்."

"தெரியும் ஐயா."

"புள்ளி?"

"அதுவும் தெரியும். தொழுதுக்கிட்டு இரிக்கக்குள்ள குசினிப் பக்கம் டொக், டொக், டொக். ஒவ்வொரு நாளும் மூணு." அவர் சிரிக்கவில்லை. "ஒங்களுக்குத் தேட வேண்டாமெண்டுதான் தெரியிற பக்கமா வெச்சுப் பூட்டினேன்."

"அப்ப அந்தக் கீறலைத் திருப்பி மட்டமாக்கியிருக்கலாமே? என்னட்டக் கேட்டிருக்கலாமே?"

"மட்டமாக்கினா குறி அழிஞ்சிரும் ஐயா. குறி இல்லாட்டி, நான் மாத்திட்டேன் எண்டுதானே நினைப்பீங்க? அதுதான் பசையைக் கூடப் போட்டுப் பாத்தேன். பிடிக்கும் எண்டு நினைச்சேன், பிடிக்கல்ல. கேட்டா ஒங்களுக்குத்தான் வெக்கம்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது, ஓம், அந்த வயதில், தென்னை மரத்தடியில். அவர் மெசினைப் பார்த்தபடி சொன்னார், "துறைமுகப் பக்கம் இப்ப ஒருத்தரும் என்னக் கூப்பிடுறல்ல ஐயா. நீங்க என்னப் பத்திச் சொன்ன இடத்தில ஒருக்கா மாத்திச் சொல்லுங்க. நான் வந்து பூட்டித் தாறேன்."

சொன்னேன். எல்லாரிடமும் போய், அரத்தையும் கீறலையும் ஒளிக்காமல், நான்தான் மடையன் என்று சொன்னேன். பக்கத்து மேசைக்காரர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "நீர் நல்ல மனிசன் ஐசே" என்றார். "பயந்துபோய் இரவோடிரவாக் கொண்டுவந்து திருப்பிப் பூட்டியிருப்பான். உமக்கு எப்பிடித் தெரியும்?" நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள், அவ்வளவுதான். மாதக்கணக்காக நான் அவர்களுக்கு ஊட்டியதை ஒருநாளில் கக்கச் சொன்னால் யார் கக்குவார்கள்?

அடுத்த சனிக்கிழமை நானா வந்தார். கண்ணாடித் துண்டை வைத்து, பசை தடவி, அந்த முகத்தைத் தேய்க்கத் தொடங்கினார். நான் பக்கத்தில் குந்தியிருந்தேன்.

"சொன்னீங்களா ஐயா?"

"சொன்னனான்."

"நம்பினாங்களா?"

நான் கண்ணாடித் துண்டை அசையாமல் பிடித்துக்கொண்டேன். அவர் தேய்த்துக்கொண்டேயிருந்தார். மூன்று கீறும் மெல்ல மெல்ல மறைந்து, முகம் திரும்பவும் வெள்ளிக்காசு போல வந்தது. துணியால் துடைத்து, அதை என்னிடம் நீட்டினார்.

"குறி போடுறதெண்டா இப்பப் போடுங்க. பூட்ட முந்தி. இதுல இல்ல, வெளியில."

"வேண்டாம் நானா. கடவுளாணை, வேண்டாம். பூட்டுங்கோ."

அவர் பூட்டவில்லை. நீட்டிய கையை மடக்கவுமில்லை.

"போடுங்க ஐயா" என்றார். "நாளைக்கு ஆராச்சும் கேட்டா, நான் மாத்தல்ல எண்டு காட்ட எனக்கு அது வேணும்."

மனைவி உள்ளே போய் அரத்தை எடுத்துவந்து என் கையில் வைத்தாள். காபரேற்றரின் வெளிப்பக்கத்தில், எவரும் காணக்கூடிய இடத்தில், நான் மூன்று கீறு கீறினேன். அவர் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டு நின்று, மூன்றாவது முடிந்ததும் வாங்கிப் பூட்டினார்.